இரண்டாவது தடவை கேட்கும் கூச்சம்



2006 டிசம்பர் 23. ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில் உள்ள கலீசியாவைச் சேர்ந்த மரியா அமேலியா லோபெஸ் என்ற பாட்டிக்கு அன்று 95 வயது நிறைந்தது. பேரன் கொடுத்த பிறந்தநாள் பரிசு ஒரு வலைப்பூ. அதைத் தொடங்கக் காலணா செலவில்லை என்பதைப் பாட்டி எப்படியோ தெரிந்துகொண்டுவிட்டார். தன் பேரன் ஒரு கஞ்சன், அதனால்தான் இப்படி ஒரு பரிசு என்று முதல் பதிவிலேயே போட்டு உடைத்தார். வலைப்பூவின் பெயர் ‘என் 95 வயதில்’.

பாட்டிக்குக் கண்ணில் புரை. அவர் சொல்லச் சொல்லப் பேரன் தட்டினார். உள்நாட்டுப் போர், ஃபிராங்கோ ஆட்சி, அன்றைய அரசியல், மூட்டுவலி, சாப்பாடு என்று எல்லாம் வந்தது. படித்தவர்கள் பின்னூட்டம் போட்டார்கள். பேரன் அவற்றைப் படித்துக்காட்ட, பாட்டி பதில் சொன்னார். மறு வருஷமே ஜெர்மனியின் டாய்ச்சு வெல்லே ஒலிபரப்பு நிறுவனம் ஸ்பானிய மொழியின் சிறந்த வலைப்பூ என்று அதற்குப் பரிசு கொடுத்தது. வயதானவர்களும் இணையத்துக்கு வர வேண்டும் என்பதை அவர் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். 2009 மே மாதம் காலமானபோது அவருக்கு 97 வயது.

அதே காலத்தில் பூமியின் மறுபக்கத்தில் இன்னொருவர். ஆஸ்திரேலியாவின் சுரங்க நகரமான புரோக்கன் ஹில்லில் 1899இல் பிறந்த ஆலிவ் ரைலி. முட்டை தரம் பிரிக்கும் வேலை, மதுக்கடையில் வேலை என்று பலதும் செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். 2007 பிப்ரவரியில், 107 வயதில், வலைப்பூ தொடங்கினார். அவரைப் பற்றி ஏற்கெனவே ஓர் ஆவணப்படம் எடுத்திருந்த மைக் ரப்போ பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொடுத்தார். ‘பிளாக்’ என்பதை ஆலிவ் வேண்டுமென்றே ‘பிளாப்’ என்பார். 70க்கும் மேற்பட்ட பதிவுகள் வந்தன. 2008 ஜூலையில் 108 வயதில் இறக்கும்வரை அது நடந்தது.

இந்த இரண்டு பாட்டிகளும் விசைப்பலகையைத் தொடவே இல்லையே, இவர்களைப் பதிவர் என்று எப்படிச் சொல்வது என்று கேட்பவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருப்பார்கள். அப்படிப் பார்த்தால் ஜோசே சரமாகோவையும் கணக்கில் சேர்க்க முடியாது. இலக்கியத்துக்கான நோபல் பரிசை 1998இல் வாங்கிய போர்த்துகீசிய எழுத்தாளர். 2008 செப்டம்பரில், 85 வயதில், அவரும் வலைப்பூ எழுத வந்தார். தளத்தைப் பார்த்துக்கொண்டது மனைவியும் நண்பர்களும்தான். உங்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறோம், எழுதுங்கள் என்று அவர்கள் சொன்னார்கள், அவர் எழுதினார். அந்தப் பதிவுகள் பின்னால் புத்தகமாகவும் வந்தன. அவருடைய தொழில்நுட்ப அறிவு எவ்வளவு என்று யாரும் விசாரிக்கவில்லை. நோபல் பரிசு வாங்கினால் அந்த ஒரு சலுகை கிடைக்கும்போலிருக்கிறது.

புதிதாக எழுத வருகிறவருக்குப் பொத்தான்களைக் கற்பது சின்னப் பகுதிதான். முன்பின் தெரியாதவர்கள் படிப்பார்கள், பதில் போடுவார்கள், சில சமயம் ஏசுவார்கள் என்பதற்கு மனத்தைப் பழக்கிக்கொள்வதே பெரிய பகுதி. அதை மரியா அமேலியாவுக்காகப் பேரன் செய்துகொடுக்க முடியாது. அவரேதான் கற்றார்.

தமிழில் 2004, 2005 வாக்கில் எழுத வந்தவர்களைக் கேட்டால் இந்த மனநிலையை அங்குலம் அங்குலமாகச் சொல்வார்கள். முதல் பதிவைப் போட்டுவிட்டு, பக்கத்தின் ஓரத்தில் ஒட்டிய வருகை எண்ணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். எண் ஏறும். ஏற்றியது தாங்களேதான் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைக்கும். முதல் பின்னூட்டத்தில் ‘மீ த ஃபர்ஸ்ட்டு’ என்று மட்டும் இருக்கும். பதிவைப் படித்தாரா இல்லையா என்றே தெரியாது, ஆனாலும் அன்றைக்குத் தூக்கம் வராது. அப்புறம் ஒரு நாள் பெயரில்லாத ‘அனானி’ ஒருவர் வந்து கன்னாபின்னாவென்று எழுதிவிட்டுப் போவார். அன்றைக்கும் தூக்கம் வராது. கும்மி, மொக்கை, ஓட்டுப்பட்டை, சூடான இடுகைகள் என்று ஒரு தனி அகராதியே அந்த உலகத்தில் புழங்கியது. அதைக் கற்றுக்கொள்ள எந்தப் பயிற்சி வகுப்பும் இல்லை. உள்ளே கிடந்து பழகினால்தான் உண்டு.

பொத்தான்களையும் தாங்களே கற்ற மூத்தவர்கள் உண்டு. சுவீடனின் டாக்னி கார்ல்சன் 1912இல் பிறந்தவர். தையல் வேலை பார்த்தவர், பிறகு சமூகக் காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தவர். 99 வயதில் கணினி வகுப்பில் சேர்ந்தார். 100 வயதில் போயான் என்ற புனைபெயரில் வலைப்பூ தொடங்கினார். சுவீடன் முழுக்கத் தெரிந்த முகமாகி, 2022 மார்ச்சில், 109 வயதில் மறைந்தார்.

ஜப்பானின் மசாகோ வாகாமியாவின் கதை நமக்கு இன்னும் உதவும். 1935இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் வங்கி வேலை. கையால் நோட்டு எண்ணி மணிச்சட்டத்தில் கணக்குப் போட்ட காலம் அது. ஓய்வு பெறும் வயதில், வயதான தாயைக் கவனித்துக்கொள்ள வீட்டோடு இருக்க வேண்டியிருந்தது. வெளியுலகத்தோடு பேச்சு அற்றுப்போகுமே என்று ஒரு கணினி வாங்கினார். அதைப் பூட்டி, இணைப்புக் கொடுத்து, முதல் தடவை இணையத்துக்குள் நுழைய அவருக்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று. உள்ளே போன பிறகு அவர் தேடிச் சேர்ந்தது மூத்தவர்கள் கூடிப் பேசும் இணைய மன்றத்தில்.

பல வருஷம் கழித்து, வயதானவர்கள் விளையாட நல்ல கைப்பேசி விளையாட்டு ஒன்றுகூட இல்லையே, யாராவது செய்து கொடுங்களேன் என்று கேட்டுப் பார்த்தார். நீங்களே செய்யலாமே என்று பதில் வந்தது. செய்தார். தொலைவில் சென்டாய் பகுதியில் இருந்த ஓர் இளைஞர் இணையவழிப் பேச்சிலேயே சந்தேகம் தீர்த்துவைக்க, ஆப்பிளின் ‘சுவிஃப்ட்’ நிரல்மொழியைக் கற்று ‘ஹினாதான்’ என்ற விளையாட்டை எழுதினார். 2017 பிப்ரவரியில், 81 வயதில், அதை வெளியிட்டார். ஜப்பானில் மார்ச் 3 அன்று பெண் குழந்தைகளுக்கான பொம்மைத் திருவிழா. அதற்கு வைக்கும் 12 பொம்மைகளை அதனதன் படியில் சரியாக அமர்த்த வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. அந்த வருஷம் ஜூனில் ஆப்பிள் நடத்திய நிரலாளர் மாநாட்டுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். ஆப்பிளின் தலைமை நிர்வாகியாக இருந்த டிம் குக் அவரைச் சந்தித்தார்.

உலகச் செய்தியானது அந்தச் சந்திப்புத்தான். அதைவிடக் கவனிக்க வேண்டியது அந்த விளையாட்டில் இல்லாத ஒன்று. திரையில் விரலை வைத்து இழுக்கும் வேலையே அதில் கிடையாது. தொட்டால் போதும். வயதானவர்களின் விரல் காய்ந்து போயிருக்கும், இழுத்தால் திரை சரியாகக் கேட்காது என்பது வாகாமியாவுக்குத் தெரியும், ஏனென்றால் அது அவருடைய விரலும்தான்.

மரியா அமேலியாவுக்குப் பேரன், ஆலிவுக்குப் படம் எடுத்தவர், சரமாகோவுக்கு மனைவி, டாக்னிக்கு வகுப்பு ஆசிரியர், வாகாமியாவுக்குச் சென்டாய் இளைஞர். ஐந்து பேருக்கும் பக்கத்திலோ தொலைவிலோ ஓர் ஆள் இருந்தார். அந்த ஆளிடம் எதையும் கேட்கலாம். அபத்தமாகக் கேட்கலாம், கேட்டதையே மறுபடி கேட்கலாம். புதியவரைத் தடுப்பது கருவி என்று பொதுவாகச் சொல்கிறோம். கூர்ந்து பார்த்தால், கேட்பதற்கு இருக்கும் கூச்சம்தான் அதைவிடப் பெரிய தடை என்று தெரியும். அதிலும் முதல் தடவை கேட்பதற்கு ஒரு சலுகை உண்டு: ‘எனக்கு இது புதுசுப்பா.’ அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். இரண்டாவது தடவைக்கு அந்தச் சலுகை கிடையாது.

இந்த இரண்டாவது தடவையைத் தமிழர்கள் மாதிரி அனுபவித்தவர்கள் குறைவு. ஒரு தமிழ்த் தட்டச்சரை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் வாழ்ந்த ஆர். முத்தையா உருவாக்கியது தமிழ்த் தட்டச்சுப் பொறி. தட்டச்சு இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து, காலை ஆறு மணி பேட்ச்சில் உட்கார்ந்து, லோயர், ஹையர் தேர்வுகள் இரண்டும் பாஸ் செய்து, அரசு வேலைக்குப் போன தலைமுறை ஒன்று நம்மிடையே இருந்தது. அவர்கள் விரல் தானாகப் போகும். ‘கொ’ என்று அடிக்க வேண்டுமானால் முதலில் ஒற்றைக் கொம்பு, அடுத்து ‘க’, அடுத்துத் துணைக்கால். பேனாவால் எழுதும் அதே வரிசை. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கம் வந்தபோது கணினிக்குள் வரிசை வேறாகிவிட்டது: முதலில் ‘க’, பிறகுதான் உயிர்க்குறி. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. இரண்டு ‘ம’ அடுத்தடுத்து வந்தால் முன்னதற்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். அருமையான ஏற்பாடு. ஆனால் முப்பது வருஷம் பழகிய தட்டச்சருக்கு அது என்ன சொல்கிறது? உங்கள் விரலுக்குத் தெரிந்ததை எல்லாம் மறந்துவிட்டு வாருங்கள் என்கிறது.

நடுவில் எழுத்துருக் குழப்பம் ஒன்று இருந்தது. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பாமினி, தமிழக அலுவலகங்களில் வானவில், இணையக் குழுக்களில் டிஸ்கி, வேறு சில இடங்களில் டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியாக்கம். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்து அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று போய்ச் சேரும். அப்பா கனடாவுக்கு அனுப்பிய கடிதம் அங்கே திட்டுவதுபோலத் தெரிந்த காலம். 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் அதோடு டேஸ்16 என்ற குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. அதற்குள் பதிவர்கள் பலர் மூன்று விதமாகத் தட்டப் பழகி, மூன்றில் இரண்டை மறந்திருந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான புதியவர்கள் தமிழில் எழுத வந்தது எப்படி? பதில் சொல்ல ஆள் இருந்ததால் வந்தார்கள். முகுந்த் என்ற இளைஞரும் நண்பர்களும் எ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை இலவசமாகக் கொடுத்தார்கள். காசி ஆறுமுகம் 2004இல் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கினார். புதியவர் எழுதியது நாலு பேர் கண்ணில் பட அதுவே வழியானது. விண்டோஸ் 98 வைத்திருந்தவருக்குக் கொம்பும் காலும் தனித்தனியாகத் தெரியும். என்ன செய்ய என்று கேட்பார். பதில் வரும். அடுத்த வாரம் இன்னொருவர் அதையே கேட்பார். மறுபடி பதில் வரும். பத்தியை இரண்டு ஓரமும் சமமாக ஒழுங்குபடுத்தினால் பழைய நெருப்புநரி உலாவியில் தமிழ் எழுத்துகள் சிதறிப்போகும். அந்த உலாவியில் படிக்கிற யாராவது ஒருவர், ‘ஐயா, ஜஸ்டிஃபையை எடுத்துவிடுங்கள்’ என்று பின்னூட்டத்தில் சொல்வார். எழுதியவர் பேராசிரியராக இருப்பார், சொன்னவர் கல்லூரி மாணவராக இருப்பார். பேராசிரியர் அதை எடுத்துவிட்டு நன்றி சொல்வார். இந்தப் பண்பாட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்கள் அரசியல் சண்டைகளைத்தான் அதிகம் பேசினார்கள். ஜஸ்டிஃபையை எடுக்கச் சொன்னவர்களைப் பற்றி யாரும் எழுதக் காணோம்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இதை ஒரு முறையாகவே வைத்தார்கள். கணக்குத் திறந்தவுடன் புதியவரின் பேச்சுப் பக்கத்தில் ‘வாருங்கள்!’ என்று ஒரு வரவேற்பு விழும். எழுதிப் பார்த்துப் பாழாக்குவதற்கென்றே மணல்தொட்டி உண்டு. பொதுவாகப் பேச ஆலமரத்தடி. சந்தேகம் கேட்க ஒத்தாசைப் பக்கம். கேட்பது இயல்பான காரியம் என்று வீட்டு வாசலிலேயே எழுதிப்போட்டது மாதிரி அது. அங்கே தொடக்க காலத்தில் ஒற்றை ஆளாக உழைத்த இ. மயூரநாதன் கட்டடக் கலைஞர். யாழ்ப்பாணத்துக்காரர், வேலை பார்த்தது வளைகுடாவில். கணினித் துறைக்கு வெளியே இருந்து வந்தவர் ஒரு கலைக்களஞ்சியத்துக்கு அடித்தளம் போட்டார்.

சரி, எல்லாம் கற்றாயிற்று. பத்து வருஷம் எழுதியும் ஆயிற்று. அப்புறம் ஒருநாள் 2018 டிசம்பர் 6 வருகிறது.

அன்றைக்கு, பலர் வலைப்பூ எழுதிவந்த வேர்ட்பிரஸ் மென்பொருள் தன் ஐந்தாம் பதிப்பை வெளியிட்டது. அதுவரை அதில் எழுதுவது எளிது: வெள்ளையாக ஒரு பெரிய பெட்டி, மேலே தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து, இணைப்பு என்று ஒரு வரிசைப் பொத்தான். அதற்குப் பதிலாக ‘குட்டன்பர்க்’ என்ற புதிய எழுதுபலகை வந்தது. இனிப் பத்திக்குப் பத்தி தனிக் கட்டம். படம் ஒரு கட்டம், தலைப்பு ஒரு கட்டம், மேற்கோள் ஒரு கட்டம். பொத்தான் வரிசை எப்போதும் கண்ணில் படாது, கட்டத்தைத் தொட்டால்தான் முளைக்கும். மற்ற அமைப்புகள் வலப்பக்கத்துக்குப் போய்விட்டன. மாமியார் ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் மருமகள் அடுக்களையில் எல்லா டப்பாவையும் இடம் மாற்றி வைத்ததுபோல. புது ஏற்பாடு நல்லதாகவே இருக்கலாம். ஆனால் கடுகு எங்கே?

புதிதாக அன்றைக்கு வேர்ட்பிரஸுக்கு வந்தவருக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. அவருக்கு எல்லாமே புதுசு. கஷ்டப்பட்டவர் பத்து வருஷக்காரர். அவர்களிடமிருந்து எதிர்ப்பு வரும் என்று வேர்ட்பிரஸ் எதிர்பார்த்தே இருந்தது என்று சொல்ல வேண்டும். பழைய பலகையே வேண்டும் என்பவர்களுக்காக ‘கிளாசிக் எடிட்டர்’ என்ற செருகுநிரலையும் கூடவே கொடுத்தது. கொஞ்ச காலத்துக்குத்தான் பராமரிப்போம் என்று முதலில் சொன்னார்கள். 50 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் அது நிறுவப்பட்டது. கடைசியில் காலக்கெடுவை நீட்டிக்க வேண்டியதாயிற்று. பழமைவாதிகள், மாற்றத்துக்குப் பயந்தவர்கள் என்று இத்தனை பேரையும் ஒதுக்கிவிட முடியாது. நாளை காலை ஒரு கட்டுரை போட வேண்டும், அதற்காக ராத்திரி உட்கார்ந்து மறுபடி அ, ஆ படிக்க முடியாது என்று நினைத்தவர்கள்தான் அவர்களில் பெரும்பாலோர்.

வேர்ட்பிரஸாவது பழையதைக் கையில் கொடுத்தது. வீட்டையே இடித்துவிட்டுப் போனவர்கள் உண்டு. எத்தனையோ பேரின் முதல் வலைப்பக்கம் இருந்த ஜியோசிட்டிஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. புதிய பதிவுகளைத் திரட்டிப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று போனது. சமூக வலைத்தளங்களில் ஆர்குட் 2014இல், கூகுள் பிளஸ் 2019இல், தமிழ் மடற்குழுக்கள் பல குடியிருந்த யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில். கூகுள் ரீடர் போனபோது பதிவர்களுக்கு நேர்ந்த நஷ்டம் வெளியே தெரியாத வகை. எழுதியது அப்படியே இருந்தது, படிப்பவர் வருகிற வழி மட்டும் அடைபட்டது. வாசகர் குறைந்தது தன் எழுத்து சரியில்லாததால் என்று நினைத்து எழுதுவதையே விட்டவர்கள் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் அந்த இரண்டாவது கூச்சம் வந்து உட்காருகிறது. நம் வீடுகளில் தினமும் நடக்கிற பேச்சைக் கவனியுங்கள்.

“கண்ணா, போட்டோ ஏத்துற எடத்தக் காணோம்டா.”

“தாத்தா, போன மாசந்தானே சொல்லிக் குடுத்தேன்.”

“அதுதான் இங்க இல்லியே.”

“அப்டேட் ஆயிருச்சு தாத்தா. குடுங்க, நானே போட்டுத் தரேன்.”

பேரன் பிழை செய்யவில்லை. அவசரத்தில் இருக்கிறான். ஆனால் தாத்தாவுக்குக் கிடைத்த செய்தி வேறு. போன மாதம் கற்றது செல்லாது. அதைக் கேட்டது தொந்தரவு. அடுத்த தடவை கேட்காமல் இருந்துவிடலாம். படத்தைப் பேரன் ஏற்றிக்கொடுத்துவிட்டதால் எந்த இடம் என்பதும் அவருக்குத் தெரியாமலே போனது. மறந்தது தாத்தா இல்லை, இடம் மாறியது பொத்தான். இந்த வித்தியாசத்தை யாராவது அவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மென்பொருள் நிறுவனம் சொல்லாது. ‘புத்தம்புதிய அனுபவத்தை வரவேற்கிறோம்’ என்று ஒரு குமிழைக் காட்டிவிட்டுப் போய்விடும்.

கூச்சத்தோடு பயமும் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. முன்பெல்லாம் கடவுச்சொல் ஒன்று போதும். இப்போது கைப்பேசிக்கு ஓடிபி வரும். பழைய எண்ணை விட்டு வேறு எண் வாங்கி, அதைக் கணக்கில் மாற்றாமல் விட்டவர் தான் பல வருஷம் எழுதிய வலைப்பூவுக்கு வெளியே நிற்பார். உள்ளே இருப்பது தன் எழுத்துதான் என்று நிரூபிக்க அவரிடம் ஒரு தாளும் இருக்காது. எந்தப் பொத்தானைத் தொட்டாலும் ஏதாவது அழிந்துபோகுமோ என்று தயங்குகிறவர்களைப் பார்த்து இளையவர்கள் சிரிக்கிறார்கள். ஓடிபியைக் கேட்டு வாங்கிப் பணத்தைச் சுருட்டுகிற ஆட்கள் தினமும் கூப்பிடுகிற ஊரில், தயங்குகிறவர்தான் விவரமானவர்.

ஒரு பக்கம் கதவு அடைபட்டால் இன்னொரு பக்கம் திறந்ததும் நடந்திருக்கிறது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005 பொங்கலையொட்டிக் கைப்பேசியில் தமிழ் எழுத உதவும் செல்லினத்தைக் கொண்டுவந்தபோது கைப்பேசியில் தமிழ் என்பது வேடிக்கையாகத் தெரிந்தது. இன்று தமிழில் எழுதுகிறவர்களில் கணினி விசைப்பலகையையே பார்க்காதவர்கள் எத்தனையோ பேர். 2017 ஆகஸ்டில் கூகுளின் குரல்வழித் தட்டச்சு தமிழுக்கும் வந்தது. பேசினால் எழுத்தாகிறது. விரல் நடுங்குகிறவருக்கும் கண் மங்கியவருக்கும் அது பெரிய வரம். கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், பேச்சு வழக்கில் அவசரமாகச் சொன்னால் அது பாதியை விட்டுவிடும், பெயர்ச்சொற்களில் ற, ர மாறும். பிறகு திருத்திக்கொள்ளலாம்.

ஆக, மரியா அமேலியாவுக்குப் பேரன் செய்த தட்டச்சு வேலையை இப்போது கைப்பேசி செய்கிறது. ஆனால் பேரன் வேறு வேலைகளும் செய்தார். வந்த பின்னூட்டங்களைப் படித்துக்காட்டினார். எது பதில் சொல்லத் தக்கது, எது விட்டுவிடத் தக்கது என்று பாட்டியோடு பேசியிருப்பார். பாட்டி சிரித்தபோது கூடச் சிரித்திருப்பார். அந்த வேலைக்கு இன்னும் ஆள்தான் வேண்டும்.

ஆள் வைத்துச் செய்து காட்டிய ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சி, முழு எண்ம (டிஜிட்டல்) எழுத்தறிவு பெற்ற ஊராட்சியாக 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அதையே மாநிலம் முழுக்க விரித்து, 2025 ஆகஸ்டில் கேரளம் தன்னை எண்ம எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவித்துக்கொண்டது. இதில் பாராட்ட வேண்டியது அறிவிப்பு விழாவை அல்ல, வகுப்பு நடந்த இடத்தை. நூறு நாள் வேலை நடந்த இடத்துக்கும், குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுக்களின் பெண்கள் கூடுகிற இடத்துக்கும் தன்னார்வலர்கள் கைப்பேசியோடு போனார்கள். மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு மரநிழலில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பெண்களில் ஒருத்தி கேட்டால் மற்ற ஒன்பது பேருக்கும் அதே சந்தேகம் இருக்கும். அங்கே கூச்சத்துக்கு வேலை இல்லை. வகுப்பறை என்று கூப்பிட்டிருந்தால் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள்.

இருந்தாலும் ஒரு குறை. இப்படிப்பட்ட திட்டங்கள் எல்லாமே முதல் தடவைக்கானவை. பாடம் முடியும், தேர்வு நடக்கும், சான்றிதழ் வரும். ஆறு மாதம் கழித்துச் செயலி மாறினால் அதே பெண் யாரிடம் போவார்? சான்றிதழ் வாங்கியவர் மறுபடி கேட்டால் அதிகாரிக்கும் சங்கடம், கேட்பவருக்கும் சங்கடம்.

நம்மூரில் இதற்குப் புதுக் கட்டடமோ பெரிய நிதி ஒதுக்கீடோ தேவைப்படாது. கிளை நூலகங்கள் இருக்கின்றன. சனிக்கிழமை காலையில் அங்கே ஒரு மேசையும் நாலு நாற்காலியும் போட்டால் போதும். பாடத்திட்டம் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். வருகிறவர் தன் கைப்பேசியையே கொண்டுவர வேண்டும், ஏனென்றால் சிக்கல் அதில்தான் இருக்கிறது. உதவுகிறவர் அந்தக் கைப்பேசியைத் தன் கையில் வாங்கக் கூடாது என்று மட்டும் ஒரு விதி வைக்கலாம். வாயால்தான் சொல்ல வேண்டும், விரல் வந்தவருடையதாக இருக்க வேண்டும். ஒரு நோட்டில் அன்றன்று வந்த கேள்விகளை எழுதி வைத்தால், எந்தச் செயலி எந்த வாரம் பொத்தானை இடம் மாற்றியது என்பது தானே தெரிந்துவிடும்.

உதவுவதற்கு யாரை உட்காரவைப்பது என்று கேட்டால், கல்லூரிப் பிள்ளைகள் ஒரு பக்கம் இருக்கட்டும். இன்ஸ்டிடியூட்டில் படித்து, ஹையர் பாஸ் செய்து, தட்டச்சுப் பொறியிலிருந்து வானவில்லுக்கும் வானவில்லிலிருந்து யூனிகோடுக்கும் விரலை மாற்றி மாற்றிப் பழக்கி ஓய்வு பெற்றவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அந்த மேசைக்கு முதலில் அவர்களில் இரண்டு பேரைக் கூப்பிடலாம்.